புதிய பெரும்பான்மையிடம் செட்டிநாட்டு வாக்காளர்கள் கேட்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிந்து சட்டமன்றத்தில் புதிய பெரும்பான்மை அமைந்துவிட்டது. செட்டிநாட்டு வாக்காளர்கள் சிலர் கூடி அந்தப் பெரும்பான்மைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடப்பதால் காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் ஆகிய மூன்று தொகுதி உறுப்பினர்களுக்கும் நகல் போகிறது. கையெழுத்து வாங்கப் போன டீக்கடையிலும் கோயில் வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மனு எல்லோருடையது. பதில்களில் உள்ள கருத்துகளுக்கு நான் மட்டுமே பொறுப்பு.

மனுவில் என்னதான் கேட்டிருக்கிறீர்கள்?

கண்மாய், ஊரணி, அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஆகியவற்றை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு எந்த ஆண்டு எந்த வேலை என்று அட்டவணை வெளியிட வேண்டும். முதல் ஆண்டிலேயே சேவை உரிமைச் சட்டம் வர வேண்டும். சட்டமன்றம் ஆண்டுக்கு நூறு நாளாவது கூட வேண்டும், முழுக்க நேரலையில். ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படுவதைத் தடுக்க உதவி வேண்டும். எம்.எல்.ஏ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊரைக் கூட்டித் தொகுதிக் கணக்கு சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று: ஒவ்வொரு கோரிக்கைக்கும் தேதி போட்ட எழுத்துப் பதில். முடியாது என்றால் முடியாது என்றே எழுதட்டும், காரணத்தோடு.

எந்தக் கட்சிக்கு எதிராக இது?

யாருக்கும் எதிராக இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடம். 118 கிடைத்தால் ஆட்சி. அந்த எண்ணைத் தாண்டியவர் யாராக இருந்தாலும் இதே மனுதான், இதே வரிகள்தான். பெரும்பான்மை இல்லாதவர்கள் ‘எங்கள் கையில் என்ன இருக்கிறது’ என்று சொல்லலாம். பெரும்பான்மை வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. பட்ஜெட் அவர்கள் போடுவது, சட்டம் அவர்கள் இயற்றுவது, அதிகாரிகளை மாற்றுவதும் அவர்களே.

இவ்வளவு கசப்பு எதற்கு? எல்லா ஊரிலும் இப்படித்தானே?

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்பதே பெரிய வேதனை. ஓட்டுப் போடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட நான் தவறவிட்டதில்லை. மாற்றம் வேண்டும் என்று போட்டேன், பழையவர்களே தேவலை என்றும் போட்டேன். யார் வந்தாலும் பிரச்சாரத்தில் ஜீப்பிலிருந்து இறங்கி அதே வாய்க்காலைக் காட்டி, ‘வந்ததும் முதல் வேலை இதுதான்’ என்றார்கள். ஜெயித்த பிறகு மனுக் கொடுத்தால் ஒரு ரசீது கிடைக்கும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது. நிதி இல்லை என்றோ வழக்கு இருக்கிறது என்றோ ஒரு வரி வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பதிலே சொல்லத் தேவையில்லாத ஆளாக வாக்காளரை நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஊரணி, வாய்க்கால் எல்லாம் நகராட்சி வேலை. சட்டமன்றத்தில் எதற்கு?

மனுவில் அதிகப் பக்கம் எடுத்துக்கொண்டது இந்தப் பகுதிதான்.

செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்கள் வீட்டைக் கட்டும்போதே தண்ணீரையும் யோசித்தார்கள். கூரை ஓட்டின் சரிவில் விழும் மழை வீட்டு நடுமுற்றமான வளவுக்குள் இறங்கும். அங்கே அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெரு வாய்க்காலுக்கு வரும், தெரு வாய்க்கால் ஊரணிக்குப் போகும். பெரிய ஆறு எதுவும் ஊரை ஒட்டி ஓடாத வறண்ட சீமையில் இத்தனை ஊர்கள் நிலைத்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

இன்று என் தெருவில் வந்து பாருங்கள். கல் பாவிய பழைய வாய்க்காலின் மேல் சிமெண்டுப் பலகை போட்டுக் கடை வாசலை நீட்டியிருக்கிறார்கள். பலகைக்கு அடியில் பிளாஸ்டிக் பையும் மண்ணும் அடைத்து நிற்கின்றன. நல்ல மழை பெய்தால் தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு நிற்கும், ஊரணியோ பாதி காய்ந்து கிடக்கும். நில அளவைப் படமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். படத்தில் வண்டி போகும் அகலத்துக்கு வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறது. நேரில் ஒரு முழம்கூட இல்லை. ஊரணியின் படித்துறையில் கீழ்ப்படிகள் குப்பை மேட்டுக்குள் போய்விட்டன.

சட்டமன்றம் எதற்கு என்றால், இது பல துறைகளுக்கு நடுவில் விழுந்து கிடக்கிற விஷயம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம், ஊரணி உள்ளாட்சியிடம், நிலப் பதிவு வருவாய்த் துறையிடம். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007லேயே தனிச் சட்டம் வந்தது. 2017ல் குடிமராமத்து என்று தூர்வாரினார்கள். ஆனால் வரத்துக்கால் அடைபட்டிருக்கும்போது கண்மாயை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்? தண்ணீர் வர வழி வேண்டாமா? சீமைக்கருவேலத்தை ஒரு பக்கம் வெட்டினால் வேர் கிடந்து அடுத்த மழையில் துளிர்க்கிறது.

எனவே நாங்கள் கேட்பது ஒரே அரசாணை: ஒவ்வொரு நீர்நிலைக்கும் அதன் வரத்துக்கால், மிகுநீர் வெளியேறும் கலிங்கு, கழிவுநீர் கலக்கும் இடம் உட்பட ஒரே அதிகாரி பொறுப்பு. அவர் பெயரும் பதவியும் கரையில் பலகையில் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட வருகிறவர்கள் தங்கள் ஊர் ஊரணியின் சர்வே எண்ணைக் கொண்டுவந்தால் மனுவோடு சேர்க்கிறோம். சர்வே எண்கள் இருக்கும் ‘அ’ பதிவேட்டை அரசின் இணையச் சேவையில் யாரும் பார்க்கலாம்.

காவிரித் தண்ணீர் நம் பக்கம் வருமா, வராதா?

எனக்கும் இதே கேள்விதான். காவிரி வெள்ளநீரை மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு, வைகை வழியாகக் குண்டாறு வரை கொண்டுவரும் இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் 262 கிலோமீட்டர் கால்வாய், மதிப்பு 14,400 கோடி ரூபாய், மூன்று கட்டம். வெள்ளாற்றிலிருந்து வைகைக்கு வரும் இரண்டாம் கட்டம்தான் நம் சீமைக்கானது. முதல் கட்டமே இழுத்துக்கொண்டு போனால் இரண்டாம் கட்டத்துக்கு எப்போது மண்வெட்டி விழும்?

ஐந்தாண்டுக்குள் முழுதும் முடியும் என்று யாரும் பொய் சொல்ல வேண்டாம். இந்த ஆண்டு எத்தனை கிலோமீட்டருக்கு நிலம் எடுப்பு, எத்தனை கோடி ஒதுக்கீடு என்று பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டினால் போதும்.

“தம்பி, மாசம் வர்ற ஆயிரம் ரூபாய நிப்பாட்டச் சொல்லி எழுதிருக்கியளாமே?”

இல்லை ஆச்சி. அப்படி ஒரு வரிகூட மனுவில் இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை பல வீடுகளில் மருந்துக்கும் கேஸுக்கும் ஆகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறேன். எங்கள் கேள்வி வேறு. 2025–26 பட்ஜெட்டின்படி மாநிலத்தின் நிலுவைக் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். புதிதாக ஒரு தொகையை அறிவிக்கும்போது அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, அதற்காக எந்த வேலை தள்ளிப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம். கையில் வரும் ஆயிரம் ரூபாயும் வேண்டும், ஊரணியில் தண்ணீரும் வேண்டும். இரண்டையும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சட்டமன்றம் எத்தனை நாள் கூடினால் நமக்கென்ன?

நமக்குத்தான் எல்லாம். துறைக்கு எத்தனை கோடி என்பதை முடிவு செய்யும் மானியக் கோரிக்கை அங்கேதான் வருகிறது. நாள் குறைவாக இருந்தால் ஒரே நாளில் பல துறைகளைத் தள்ளிவிடுவார்கள். கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்களைக் கட்டாகக் கொண்டுவந்து, ‘ஆம்’ என்போர் ‘ஆம்’ என்க, ‘இல்லை’ என்போர் ‘இல்லை’ என்க, நிறைவேற்றப்பட்டது! படித்துப் பார்க்கவே நேரம் இல்லாத சட்டத்தை எப்படி விவாதிப்பார்கள்? இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதுதான் அரசியல் சாசனம் போட்ட குறைந்தபட்ச விதி. ஆண்டுக்கு நூறு நாள் என்பது நாங்களாகக் கண்டுபிடித்த எண்ணும் இல்லை. 2021ல் ஆட்சிக்கு வந்த கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்த வாக்குறுதி அது. எந்த ஆண்டிலும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

2022 ஜனவரியில் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். அதே கேமரா விவாதத்துக்கும் ஓடட்டும், எதிர்க்கட்சி பேசும்போதும் ஓடட்டும்.

110 விதி என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன?

சட்டமன்ற விதிகளில் 110ஆவது விதியின் கீழ் முதல்வரோ அமைச்சரோ ஓர் அறிக்கை படித்தால் அதன் மேல் விவாதம் கிடையாது. 2011க்குப் பிந்தைய ஆண்டுகளில் இது பெருகி, அறிவிப்பு என்றாலே 110 என்று ஆனது. மறுநாள் நாளிதழில் பெரிய எழுத்தில் வரும். நிதி ஒதுக்கினார்களா, அரசாணை வந்ததா என்று கேட்க அவையில் அப்போதே வழி இல்லை. அந்த விதியே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வோர் அறிவிப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று பட்ஜெட்டோடு சேர்த்து ஒரு புத்தகம் வைக்க வேண்டும் என்கிறோம்.

எம்.எல்.ஏ. பாவம், கட்சி சொல்வதைத்தானே செய்ய முடியும்?

பாதி உண்மை. 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். ஆனால் கேள்வி கேட்பதையும் மானியக் கோரிக்கையில் தொகுதிப் பிரச்சினையைப் பேசுவதையும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அமைச்சர்களின் எண்ணிக்கை அவையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் முதல்வரையும் சேர்த்து 35 பேர். மீதி 199 பேரும் அரசைக் கேள்வி கேட்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளும் வரிசையில் உள்ளவர்களும் சேர்த்துத்தான்.

அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மக்கள் மனுவை எடுத்து விசாரிக்க மனுக்கள் குழு இருக்கிறது. நம் தொகுதி உறுப்பினர்கள் எந்தக் குழுவில் இருக்கிறார்கள், அங்கே என்ன பேசினார்கள் என்பதை ஊர்க் கூட்டத்தில் சொல்லட்டும். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது, அந்தப் பட்டியலையும் வாசிக்கட்டும். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் நிறைவேறாத முக்கியமான பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கேட்டார் அன்றைய முதல்வர். நம் தொகுதிகளிலிருந்து போன அந்தப் பத்தும் என்ன ஆயின? எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வாசிக்க ஒரு மணி நேரம் போதும்.

சேவை உரிமைச் சட்டம் வந்தால் என்ன மாறும்?

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, கட்டட அனுமதி போன்ற ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் என்று கெடு இருக்கும். தாண்டினால் அதிகாரிக்கு அபராதம். மத்தியப் பிரதேசம் 2010ல் இதை முதலில் கொண்டுவந்தது. பீகாரில் 2011ல், கேரளாவில் 2012ல் வந்தது. தமிழ்நாட்டில் இது தேர்தல் அறிக்கைகளில் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

நம் பகுதிக்கு இது கூடுதலாகத் தேவை. ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் சிங்கப்பூரில். அப்பச்சி (அப்பா) பேரில் கிடக்கும் பட்டாவை மாற்ற லீவு போட்டு வந்தவரை, ஓர் அலுவலகத்தில் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அடுத்த வாரம் அவர் கோலாலம்பூரில் இருப்பார். ஒரு கையெழுத்துக்கு அவர் எத்தனை முறை கடல் தாண்டி வருவார்? கடைசியில் இடைத்தரகரிடம்தான் போவார். லஞ்சம் பிறக்கிற இடம் அதுதான்.

ஊராட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை அல்லவா?

தேர்தலை நடத்துவது ஆணையம். வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு என்று அதற்கு முந்தைய வேலைகளை முடித்துக் கொடுக்க வேண்டியது அரசு. ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். இங்கே 2016ல் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, சிவகங்கையும் புதுக்கோட்டையும் உட்பட 28 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். எங்கள் ஓட்டை எண்ணி ஆட்சிக்கு வந்தவர்கள், எங்கள் ஊராட்சிக்கான ஓட்டைத் தள்ளிவைப்பது எந்த நியாயம்?

இதோடு சேர்ந்த இன்னொன்று: 2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் உள்ளே போயின. நகர எல்லைக்குள் போனால் நூறு நாள் வேலை கிடையாது, வரியும் நகர வரி. இனி எந்த ஊரைச் சேர்ப்பதாக இருந்தாலும் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று மனுவில் எழுதியிருக்கிறோம்.

வாக்குறுதியை நிறைவேற்றாவிட்டால் வழக்குப் போடலாமா?

ஜெயிக்காது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று, தமிழ்நாட்டு இலவசங்கள் பற்றிய வழக்கிலேயே 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழிகாட்டு விதி வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னதோடு சரி. நீதிமன்றம் கேட்காததை நாம்தான் கேட்க வேண்டும்.

ஓட்டுக்குக் காசு வாங்கிய ஊர், எந்த முகத்தோடு கோரிக்கை வைக்கும்?

கேட்கக் கஷ்டமான கேள்வி. கேட்டவருக்கு நன்றி.

கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017ல் ஆர்.கே. நகரிலும் பணப்பட்டுவாடாவால் தேர்தலே ரத்தானது. ஆனால் வாங்கியவர்களுக்கு வாய் இல்லை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். ஓட்டுக்கு ஒரு நாள் பணம் கொடுத்தவர், ஐந்து வருடம் அவர்களின் வரியில் நாற்காலியில் உட்காருகிறார். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறவர் அந்தக் கூலித் தொழிலாளி. அவருக்குக் கேட்க உரிமை உண்டு. அடுத்த முறை கதவைத் தட்டினால் கவரைத் திருப்பிக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் கும்பிட்டுக் கேட்கிறேன். கொடுத்தவர்கள் நம் வாயை அடைக்க அதைத்தான் சாக்காகச் சொல்கிறார்கள்.

பேசாமல் நோட்டாவுக்குப் போட்டிருக்கலாமே?

2013லிருந்து நோட்டா இருக்கிறது. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர் ஜெயித்துவிடுவார். எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்கும் உரிமையும் நம் நாட்டில் இல்லை. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் சிவகங்கையில் வெற்றி வித்தியாசம் 3,354 வாக்குகள். ஓட்டுக்கு இங்கே எடை உண்டு. அதைப் போட்ட பிறகும் விடாமல் கேட்பதுதான் நான் கண்ட வழி.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு அரசு எதற்கு உதவ வேண்டும்?

வீடு அவர்களுடையது, ஊரின் பிழைப்பு அதில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதிப்பவர், சுண்ணாம்புச் சாந்து அரைப்பவர், தச்சர், சமையல்காரர், வேன் ஓட்டுபவர் எல்லோரும் அந்த வீடுகளை நம்பி இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014லிருந்து உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அதே காலத்தில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் கழற்றப்பட்டுக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தபடி இருக்கின்றன. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடு மாற்றக் காசில்லாமல், பங்காளிகள் ஒத்துப்போகாமல் விற்கிறார்கள். மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012ல் இயற்றப்பட்டது, அமலுக்கு வரவே பல ஆண்டுகள் ஆயின. பழுது பார்க்கக் குறைந்த வட்டிக் கடன், பழுது பார்த்த வீட்டுக்கு வரிச் சலுகை, பங்காளிகளுக்குள் சமரசம் பேச ஒரு முகாம் ஆகிய மூன்றும் போதும்.

ஆளுநர் தடுத்தால் என்ன செய்வார்கள்?

ஆளுநர் ஒப்புதல் மசோதாவுக்குத்தான். எங்கள் கோரிக்கைகளில் பெரும்பாலானவை அரசாணையிலேயே முடிபவை.

ஐந்து வருடத்தில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்?

காரைக்குடியிலேயே பதில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நான்கரை ஆண்டு. நாடு விடுதலை அடைந்த மறுவருடம், இன்றைய இயந்திரங்கள் எதுவும் இல்லாத காலம். ஒரு சட்டமன்றத்தின் ஆயுளுக்குள் பொட்டலில் ஓர் ஆராய்ச்சி நிறுவனமே எழுந்திருக்கிறது. நாங்கள் கேட்பது வாய்க்காலை அளந்து கல் நடுவது.

பதில் வரவில்லை என்றால்?

மனு கொடுத்து மூன்று மாதம் பொறுப்போம். பிறகு சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு அனுப்புவோம். கூடவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம்: இந்த மனு இப்போது எந்த அதிகாரியின் மேசையில் இருக்கிறது, என்ன குறிப்பு எழுதினார், கோப்பின் நகல் வேண்டும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விண்ணப்பம் எழுதத் தயங்குகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பை எங்களில் இருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதார் நகல் தேவையில்லை, பெயரும் முகவரியும் சொன்னால் போதும்.